காய்ச்சல் பாணி வந்த வழி

காலி வீதியில் வெள்ளவத்தைப் பாமசி ஒன்றில் பின்னேரம் சற்று நேரம் நின்றாலே ஒரு வசனம் நாலைந்து தரம் காதில் விழும்: "தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் பாணி ஒண்டு தாங்கோ." கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதிப் பக்கம் அதே போத்தலை, "அண்ணே, புள்ளைக்குக் காச்ச மருந்து ஒண்ணு குடுங்க" என்று கேட்பார்கள். தம்பியும் சரி, அண்ணனும் சரி, திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை வயசு? வயதைச் சொன்னதும் போத்தல் கைமாறிவிடும். பிள்ளை எத்தனை கிலோ என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வரும். வந்தாலும் அதற்கான பதில் கிளினிக் கொப்பியில், வீட்டு அலுமாரிக்குள் கிடக்கும்.

போத்தலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 5 மில்லிலீற்றரில் பரசிட்டமோல் 120 மில்லிகிராம். இந்தப் பாணியைப் பற்றித் தாய் தகப்பன் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த வரிக்குள் அடக்கம். செட்டியார் தெருவில் பரம்பரையாகப் பொன் நிறுத்தவர்களுக்கு இந்த அளவு புதிதல்ல. சித்த மருத்துவக் கணக்கில் ஒரு குன்றிமணி எடை சுமார் 130 மில்லிகிராம். ஆகவே கரண்டி நிறையப் பாணியில் பிள்ளையின் வாய்க்குள் போகும் மருந்து ஒரு குன்றிமணிக்கும் சற்றுக் குறைவு. பொன்னில் குன்றிமணி குறைந்தால் சண்டை பிடிக்கும் நாம், மருந்தில் ஒரு குன்றிமணி கூடினாலும் கவனிப்பதில்லை.

இந்த மருந்தின் கதையே ஒரு மருந்துக்கடைத் தவறில்தான் தொடங்குகிறது. 1886ஆம் ஆண்டு, அப்போது ஜேர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஆர்னோல்ட் கான், பவுல் ஹெப் என்ற இரண்டு இளம் வைத்தியர்கள் குடற்புழுவுக்கு நப்தலீன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்து ஒரு தரம் வந்த பொடி நப்தலீனே இல்லை. அசெற்றனிலைட் என்ற வேறொரு சரக்கு. புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நோயாளியின் காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்ரிஃபெப்ரின் என்ற பெயரோடு அது உடனே சந்தைக்கு வந்தது. மலிவு, கைகண்ட மருந்து. ஆனால் குடித்தவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன.

அதன் நெருங்கிய உறவான பரசிட்டமோலை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்மன் மோர்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே செய்து பார்த்திருந்தார். 1893இல் ஜேர்மன் வைத்தியர் ஃபொன் மெரிங் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார். இதுவும் நீலம் பாரிக்கச் செய்கிறது என்று தள்ளிவைத்துவிட்டார். அவர் கையில் இருந்த சரக்கில் கலப்பு இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். அந்தத் தீர்ப்போடு அரை நூற்றாண்டு போயிற்று. 1948இல் நியூயோர்க்கில் பெர்னாட் பிரோடியும் ஜூலியஸ் அக்ஸல்ரொட்டும்தான் முடிச்சை அவிழ்த்தார்கள்: அசெற்றனிலைட் உடம்புக்குள் போனதும் பரசிட்டமோலாக மாறுகிறது, காய்ச்சலைக் குறைப்பது அதுதான், நீலத்துக்குக் காரணம் வேறொரு விளைபொருள். அக்ஸல்ரொட்டுக்கு 1970இல் நோபல் பரிசும் கிடைத்தது, ஆனால் அது வேறு ஆராய்ச்சிக்காக.

1955இல் அமெரிக்காவில் இந்த மருந்தைப் பெருமளவில் கடைக்குக் கொண்டுவந்தபோது அது பிள்ளைகளுக்கான பாணியாகத்தான் வந்தது. தீயணைப்பு வண்டி போன்ற சிவப்புப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அடுத்த வருடம் பிரித்தானியாவில் 500 மில்லிகிராம் குளிசையாகப் பனடோல் வந்தது. 1958இல் அதன் பிள்ளைப் பாணி. இலங்கையில் அந்தப் பெயர் மருந்தின் பெயராகவே ஆகிவிட்டது. எந்தக் கொம்பனி செய்தாலும் நமக்குப் பனடோல்தான்.

பிள்ளைக்கு எவ்வளவு என்ற கணக்கு இதைவிடப் பழையது. பழைய அப்போதிக்கரிமாரின் கைநூல்களில் இரண்டு சூத்திரங்கள் இருந்தன. ஒன்று யங் என்பவர் பெயரில்: வயதை, வயதோடு 12ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பெரியவர் அளவால் பெருக்குவது. மற்றது கிளார்க் பெயரில்: பிள்ளையின் நிறையை இறாத்தலில் எடுத்து 150ஆல் வகுப்பது. 12 கிலோ நிறையுள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு, பெரியவர் அளவு 1,000 மில்லிகிராம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். யங் கணக்கில் 143 மில்லிகிராம், கிளார்க் கணக்கில் 176. இன்றைய கணக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180. நிறையைக் கேட்ட பழைய சூத்திரம் இன்றைக்கும் பக்கத்திலேயே நிற்கிறது.

இலங்கைக்கு இந்த மருந்து வந்த வழியில் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் கொடுத்த அறிக்கையின் பலனாக அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. நாட்டுக்குள் புழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப் பெயர்களை அறுநூற்றுச் சொச்சமாகக் குறைத்தார்கள். கொம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்கினார்கள். பிபிலே 1977இல், ஐ.நா. பணியில் கயானாவுக்குப் போன இடத்தில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே வருடம்தான். பரசிட்டமோல் அதில் இருந்தது. பத்து வருடம் கழித்து, வெள்ளவத்தையிலிருந்து அதே காலி வீதியில் தெற்கே போனால் வரும் இரத்மலானையில், அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் ஜப்பான் உதவியோடு எழுந்தது. உள்ளூரில் குளிசை அடித்தாலும் மூலப்பொடி இந்தியாவிலும் சீனாவிலும் இருந்துதான் வரவேண்டும். அது வந்து இறங்கும் துறைமுகத்தை ஒட்டியே கொட்டாஞ்சேனை.

பொடியைப் பாணியாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பரசிட்டமோல் தண்ணீரில் நன்றாகக் கரையாது. அறைவெப்பத்தில் ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 14 மில்லிகிராமைத்தான் ஏற்கும். நம் பாணியில் ஒரு மில்லிலீற்றருக்கு 24 மில்லிகிராம் இருக்கவேண்டும். மிச்சத்தை என்ன செய்வது? ஒரு வழி, கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் போன்ற துணைக் கரைப்பான்களைச் சேர்ப்பது. இன்னொரு வழி, கரைக்காமலே நுண்தூளாகப் பாணியில் மிதக்கவிடுவது. இரண்டாவது வகைப் போத்தலை அசையாமல் வைத்தால் தூள் மெல்ல அடியில் இறங்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் பிள்ளைக்கு இனிப்புத் தண்ணீரும் கடைசி நாள் கெட்டி மருந்தும் கிடைக்கும். "நன்றாகக் குலுக்கவும்" என்று போத்தலில் போட்டிருப்பதன் காரணம் இது.

முதல் வழியின் ஆபத்து வேறு. துணைக் கரைப்பானின் இடத்தில் அல்லது அதோடு கலந்து, மலிவான தொழிற்சாலைச் சரக்கான டைஎதிலீன் கிளைக்கோல் புகுந்துவிட்டால் பிள்ளையின் சிறுநீரகம் போய்விடும். 1937இல் அமெரிக்காவில் வேறொரு பாணியில் இது நடந்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் வங்காளதேசத்தில் நடந்தது, பரசிட்டமோல் பாணியிலேயே. 2022இல் காம்பியா. 2025இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் செய்த தடிமன் பாணியைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பரிசோதித்ததில் அந்த விஷம் 48.6 வீதம் இருந்தது. இதற்கு வீட்டில் செய்யக்கூடிய கணக்கு எதுவும் கிடையாது. அது அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை. வீட்டில் செய்யக்கூடிய கணக்குக்கு வருகிறேன்.

ஒரு வேளைக்கு, பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60க்குள் நிற்க வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தை என்றால் டொக்டரைக் கேளாமல் போத்தலைத் தொடவே கூடாது. 5 மில்லிலீற்றரில் 120 உள்ள நம்மூர்ப் பாணிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நிறையில் பாதியை மில்லிலீற்றராக எடுத்தால் கிலோவுக்குச் சரியாக 12 மில்லிகிராம் வரும். 12 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர், 16 கிலோவுக்கு 8. மனக்கணக்கிலேயே போடலாம்.

வயதை வைத்து ஊற்றினால் என்ன குறை? பிரித்தானியாவில் 2011இல் திருத்திய அட்டவணைப்படி, இதே வலுவுள்ள பாணியில் இரண்டு முதல் நாலு வயதுக்குள் 7.5 மில்லிலீற்றர், அதாவது 180 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு அது கிலோவுக்கு 15, கச்சிதம். ஆனால் இரண்டு வயதில் 9 கிலோவில் நிற்கும் பிள்ளைகள் நம்மிடம் இல்லையா? கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் ஒற்றை அறை வீடுகளில் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு அதே கரண்டி கிலோவுக்கு 20 ஆகிவிடும். மேலைநாட்டுப் பிள்ளைகளை அளந்து, உயரத்தைக் கொண்டு நிறையை ஊகிக்கச் செய்த புரொஸலோ நாடாவும் இந்தியப் பிள்ளைகளில் நிறையைக் கூட்டியே காட்டுவதாக ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. வேறு ஊர்ப் பிள்ளையின் சட்டத்தில் நம் பிள்ளையை அளக்கும் வேலை இது. அப்படி அளக்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைத் தராசில் போட்டு நிறுத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் கொப்பி இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. தடுப்பூசி நாளில் எடுக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கும்போது தேடுகிறோம். காய்ச்சல் இரவில் அது நினைவுக்கு வருவதேயில்லை.

கரண்டியையும் சும்மா விடமுடியாது. குசினியில் கிடக்கும் தேக்கரண்டிகளில் ஒன்று மூன்று மில்லிலீற்றர் கொள்ளாது, இன்னொன்று ஏழைத் தாண்டும். போத்தலோடு வரும் மூடியையோ, பாமசியில் கேட்டால் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சையோ பாவித்தால் இந்தப் பிரச்சினை முடிந்தது. சிரிஞ்சைக் கண்டதும் பிள்ளை அழும் என்பார்கள். அழும்தான். கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விட்டால் அழுதுகொண்டே விழுங்கும்.

இனி வெள்ளவத்தைக்கே உரிய ஒரு சங்கதி. இங்கே வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் உலகப் படத்தைப் பார்க்கலாம். லண்டனில் இருந்து சித்தி கொண்டுவந்த கல்போல், ரொறன்ரோவில் இருந்து மாமா கொண்டுவந்த டைலனோல், சென்னைக்குக் கலியாணத்துக்குப் போனபோது அவசரத்துக்கு வாங்கிய சொட்டு மருந்து. 2022இல் டொலர் இல்லாமல் பாமசித் தட்டுகள் வெறுமையானபோது இந்தச் சூட்கேஸ் மருந்துகள்தான் பல வீடுகளுக்குக் கைகொடுத்தன. அதைக் குறை சொல்லவரவில்லை. ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே பரசிட்டமோல் என்றாலும் வலு ஒன்றல்ல. சிறு குழந்தைகளுக்கான கல்போல் 5 மில்லிலீற்றரில் 120. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கல்போல் அதே 5 மில்லிலீற்றரில் 250. கனடாவின் பிள்ளைப் பாணி 5 மில்லிலீற்றரில் 160. அங்கே கைக்குழந்தைகளுக்கு விற்கும் சொட்டு மருந்து ஒரே மில்லிலீற்றரில் 80. இந்தியச் சொட்டு மருந்து ஒரு மில்லிலீற்றரில் 100.

கைக்குழந்தைக்கென்று விற்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டியானது என்பதை யார் எதிர்பார்ப்பார்கள்? குழந்தை கொஞ்சமாகத்தான் விழுங்கும், ஆகவே கொஞ்சத்துக்குள் நிறைய வைத்தார்கள். செய்தவர்களின் நியாயம் அது. அமெரிக்காவில் இந்தக் குழப்பத்தாலேயே 2011இல் கெட்டிச் சொட்டு மருந்தைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் 160 என்று ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

மேலே சொன்ன பாதிக் கணக்கை இந்தப் போத்தல்களுக்குப் போட்டுப் பாருங்கள். 12 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றர். நம்மூர்ப் பாணியில் அது 144 மில்லிகிராம். 250 வலுவுள்ள பாணியில் 300, கிலோவுக்கு 25. கனடாச் சொட்டு மருந்தில் 480, கிலோவுக்கு 40. இந்தியச் சொட்டு மருந்தில் 600, கிலோவுக்கு 50. நாலு வேளை கொடுத்தால் ஒரு நாளில் கிலோவுக்கு 200. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் அதே கரண்டி விஷம் ஆகிறது. டொக்டர் துண்டில் "6 மி.லி." என்று மட்டும் எழுதும்போது மனதில் வைத்திருப்பது 120 பாணியை. வீட்டில் இருப்பது எது என்று அவருக்குத் தெரியாது. துண்டில் மில்லிகிராமையும் சேர்த்து எழுத ஒரு விநாடி போதும். எழுதாதவர்களிடம் கேட்டு வாங்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இதே சரக்கு வேறு உருவங்களிலும் வீட்டுக்குள் இருக்கும். மலவாயிலில் வைக்கும் மாத்திரை பரசிட்டமோல்தான். தடிமன் பாணிகள் பலவற்றிலும் அது உண்டு. பாணி ஒரு தரம், காய்ச்சல் விடவில்லையென்று மலவாயில் மாத்திரை ஒன்று, மூக்கு ஒழுகுகிறதென்று தடிமன் பாணி ஒன்று. தாய்க்கு இது மூன்று மருந்து, பிள்ளையின் ஈரலுக்கு ஒன்று. அளவுக்குள் இருக்கும்வரை ஈரல் அதைச் சுத்தம் செய்து வெளியே அனுப்பிவிடும். சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறும். குளுற்றாதயோன் என்ற காவற்பொருள் அதையும் மடக்கிவிடும். அளவு மிஞ்சினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு ஈரல் கலங்களையே தாக்கும். இதில் மோசமானது, முதல் நாள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் ஓங்காளம், வாந்தி. காய்ச்சல் பிள்ளை வாந்தியெடுத்தால் யார் மருந்தைச் சந்தேகிப்பார்கள்? 1966இல் எடின்பரோவிலிருந்து முதல் அறிக்கை வரும்வரை, வயிற்றுக்கு இதமான இந்த மருந்து ஈரலைக் கொல்லும் என்பது வைத்தியர்களுக்கே தெரியாது.

கொழும்பில் இந்தக் கணக்கு உயிர்க் கணக்காவது டெங்குக் காலத்தில். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். கொழும்பு மாவட்டம் வழக்கம்போல முன்வரிசையில். டெங்குக் காய்ச்சல் பரசிட்டமோலுக்குப் பெரிதாக மசியாது. 103இல் இருந்து 101க்கு இறங்கும், மறுபடி ஏறும். ஆறு மணித்தியாலம் பொறுக்க முடியாத தாய் மூன்றாவது மணித்தியாலத்தில் மறுபடி போத்தலைத் திறக்கிறாள். வைரஸ் ஏற்கெனவே ஈரலில் கைவைத்திருக்கும் நேரம் அது. அஸ்பிரினும் புரூபனும் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. ஆகவே கையில் இருப்பது இந்த ஒரு மருந்துதான், அதிலும் கூட்டிக்கொடுக்க இடமில்லை. சுகாதார அமைச்சின் டெங்கு வழிகாட்டி நாலு வேளை என்ற எல்லையைத் திட்டமாகவே சொல்கிறது. இடைநேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைக்கலாம். என் கணிப்பில் அந்தத் துணிதான் இந்த நகரத்தில் மிகக் குறைவாகப் பாவிக்கப்படும் மருந்து.

வெள்ளவத்தைப் பிள்ளையும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் கடைசியில் சந்திக்கும் இடம் பொரளையில் இருக்கிறது. பிரித்தானிய ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் மனைவி பெயரைத் தாங்கிய சிறுவர் வைத்தியசாலை. அங்கே வயதைக் கேட்ட கையோடு தராசில் ஏற்றிவிடுவார்கள். அந்த இலக்கத்தில்தான் இனி எல்லாம் தொங்கும், பாணி மட்டுமல்ல, தண்ணீரும்கூட. டெங்கு நோயாளியின் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டத்துக்கு நம் வழிகாட்டி ஒரு மொத்தப் பங்கீட்டை வகுத்திருக்கிறது. முதல் 10 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. இதோடு கிலோவுக்கு இன்னும் 50. 20 கிலோப் பிள்ளைக்கு 1,500உம் 1,000உம் சேர்ந்து 2,500 மில்லிலீற்றர். குறைந்தால் அதிர்ச்சி நிலை, கூடினால் நெஞ்சுக்குள் நீர். பிள்ளை குண்டென்றால் தராசு காட்டும் நிறையை எடுக்கமாட்டார்கள். உயரத்துக்கு இருக்கவேண்டிய நிறையை எடுப்பார்கள், ஏனெனில் கொழுப்பு கூடியதற்காக இரத்தம் அதே வீதத்தில் கூடுவதில்லை. 50 கிலோவுக்கு மேல் எவருக்கும் கணக்கு ஏறாது.

பிள்ளை 33 கிலோவைத் தொடும்போது பாணியின் வேலை முடிகிறது. 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அப்போது கிலோவுக்கு 15. அதற்குப் பிறகு நிறையை எல்லாரும் மறந்துபோகிறோம். வளர்ந்தவர் என்றால் இரண்டு குளிசை, நாலு வேளை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு முழங்கால் நோவோடு இருக்கும் அம்மம்மாக்களில் 40 கிலோவைத் தாண்டாதவர்கள் தாராளம். அவர்கள் இரண்டு இரண்டாக நாலு வேளை போட்டால் நாளொன்றுக்கு 4,000 மில்லிகிராம், கிலோவுக்கு 100. பேரப்பிள்ளைக்கு நாம் வைத்த 60 என்ற எல்லையை அவர்களுக்கும் வைத்தால் 2,400தான் வரும். ஐந்து குளிசைகூட முழுதாக வராது. பெரியவர்களுக்கான டெங்கு வழிகாட்டியும் நிறை குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கச் சொல்கிறது. பாமசியில் அம்மம்மாவிடம் வயதுகூடக் கேட்பதில்லை. "தம்பி, பனடோல் கார்ட் ஒண்டு" என்றால் கார்ட் வந்துவிடும். 12 குளிசை உள்ள கார்ட் ஒன்று 6,000 மில்லிகிராம். 40 கிலோ உடம்புக்கு அது கிலோவுக்கு 150. ஒரே தரத்தில் அவ்வளவு உள்ளே போயிருந்தால் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, மாற்று மருந்தை ஏற்ற ஆயத்தப்படும் இலக்கம்.